இடிக்காத கணக்கு

வெட்கப்படுவதற்கென்றே கடவுள் யாருக்காவது காது படைத்தார் என்றால் அது அவனுக்குத்தான். முகம் மாறாது, குரல் மாறாது. காது மட்டும் சிவந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் லிட்மஸ் தாள் தீர்ந்துபோனால், செட்டியார் காதைக் கொஞ்சம் இரவல் வாங்கு என்று கேலி செய்வோம். அதற்கும் சிவக்கும்.

பெயரைச் சொல்ல மாட்டேன். காரைக்குடியில் அந்த வீட்டு விலாசத்தில், அதாவது பெயருக்கு முன்னால் வரிசையாகப் போடும் எழுத்துகளில், முதல் எழுத்தைச் சொன்னால் போதும், இன்னார் பேரன், இன்னார் வீட்டு மருமகன் என்று பங்காளிகள் வரிசையாக ஒப்பித்துவிடுவார்கள். அவன் காதுக்கு மேலும் வேலை கொடுப்பானேன்?

கல்லூரியில் எங்கள் செட்டில் ரசாயனம் ஆனர்ஸ் எடுத்தவர்களே கொஞ்சம். அதில் எங்கள் சீமைக்காரர்கள் நாங்கள் இருவர்தான். அவன் காரைக்குடிக்காரன், ரங்கூனில் வட்டிக்கடை வைத்துக் கப்பலில் போய்வரும் குடும்பம். நான் திருக்கோஷ்டியூருக்குத் தெற்கே வானம் பார்த்த பூமியில் வரகும் கேழ்வரகும் விதைக்கிற வீடு. எங்கள் பக்கத்தில் விவசாயியைச் சம்சாரி என்போம். அதனால் அவன் என்னைச் சம்சாரி என்று கூப்பிடுவான். நான் அவனைச் செட்டியாரே என்று மரியாதையாகக் கூப்பிட்டு வம்புக்கு இழுப்பேன்.

அவனோடு ஓரிடத்துக்குப் போய்வருவதுபோல் சங்கடம் வேறில்லை. வலையபட்டியில் ஒரு சிநேகிதன் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்தாயிற்று. இனிப்பு வைத்தாயிற்று. எதிர்வரிசை ஓரத்தில் ஒரு கிழவர் இலை இல்லாமல் நிற்கிறார். அடுத்த பந்தியில் உட்காரட்டும் என்று உலகத்தில் எந்த மனிதனும் விட்டுவிடுவான். இவனுக்குக் காது சிவந்துவிட்டது. தலையை எண்ணி, இலையை எண்ணி, கூடுதலாக வந்த ஆள் தான்தான் என்று தீர்மானித்து எழுந்துவிட்டான். அவன் எழுந்தபிறகு பக்கத்தில் உட்கார்ந்து நான் மட்டும் எப்படி விழுங்குவது? நானும் எழுந்தேன். அந்தக் கிழவர் அவன் இலையில் உட்காரவுமில்லை. பெண் வீட்டுக்காரர் போல, பந்தி விசாரிக்க நின்றவராம். அவர் பதறிப்போய் எங்களை உட்காரச் சொல்லிக் கெஞ்ச, இவன் இல்லை வயிறு சரியில்லை என்று பொய் சொல்ல, இருவரும் பசியோடு வெயிலில் நடந்து வந்தோம். வழியெல்லாம் அவனை வைதுகொண்டே வந்தேன்.  கடைசியில், “கணக்கு இடிச்சா எனக்குச் சோறு எறங்காது சம்சாரி” என்றான்.

அது சும்மா சொன்ன வார்த்தையில்லை. அவன் பிறந்த வீடு அப்படி. சிறுபிள்ளைகள் எழுத்துக் கற்கும் முன் கூட்டலும் கழித்தலும் கற்கும் வீடு. ஐந்தொகை போடும் நாளில், அதாவது வருஷக் கணக்கை மொத்தமாகத் தீர்த்துப் பார்க்கும் நாளில், இரண்டு பக்கமும் சமமாக வரும்வரை பெரியவர்கள் பச்சைத்தண்ணீர் குடிக்க மாட்டார்களாம். கணக்கு இடிக்கிறது என்றால் ஒன்று ஞாபகப் பிசகு, இல்லையானால் கைச்சுத்தம் இல்லை. மூன்றாவது காரணம் ஒன்று உலகத்தில் உண்டு என்றே அந்த வீட்டில் யாரும் நினைத்ததில்லை.

விடுமுறையில் பழைய கேள்வித்தாள்களைக் கட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய்விடுவேன். மெத்தையில், அதாவது மாடியில், காற்றோட்டமான ஒரு கூடத்தை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்வரை கணக்குத்தான். கர்ப்பூர வாசனையுள்ள ஒரு திரவம், அதை எரித்ததில் இவ்வளவு கரியமில வாயு, இவ்வளவு தண்ணீர், புரோமினோடு சேர்த்தால் இப்படி, அமிலத்தில் காய்ச்சினால் இப்படி. அதன் உள்கட்டு என்ன, சொல் என்று கேட்டிருப்பார்கள். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை, அது உடைந்து சிதறிய துண்டுகளை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கிற வேலை. எனக்கு அது துப்புத் துலக்குகிற வேலையாகத் தெரியும், பாதியில் அலுத்துப்போகும். அவனுக்கு அலுக்கவே அலுக்காது.

கார்பனுக்கு நான்கு கை. அதைத் தாளில் வரைந்தால் அவனுக்குத் திருப்தியில்லை. அடுப்படியிலிருந்து ஊறவைத்த கொண்டைக்கடலையை அள்ளிக்கொண்டு வருவான். ஒவ்வொரு கடலையிலும் ஈர்க்குக் குச்சியை நான்கு பக்கம் குத்தி, ஒன்றோடொன்று கோப்பான். இரட்டைப் பிணைப்பு வேண்டுமானால் இரண்டு கடலைக்கு நடுவில் இரண்டு ஈர்க்கை வளைத்துச் செருகவேண்டும். வளைத்த ஈர்க்கு சும்மா இருக்குமா? படக்கென்று தெறிக்கும். கடலை ஒரு மூலையில், ஈர்க்கு என் மூக்கில். அதைப் பார்த்து அவன் சந்தோஷப்பட்டதைப்போல் வேறெதற்கும் அவன் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. இப்படி முறுக்கிக்கொண்டு நிற்பதால்தான் அது எரியும்போது அவ்வளவு சூட்டைக் கக்குகிறது என்பான்.

ஒருநாள் அவன் செய்துவைத்ததைக் கலைக்காமல் படுத்துவிட்டோம். காலையில் போய்ப் பார்த்தால் கடலைகள் முளை விட்டிருந்தன. செட்டியாரே, உம்ம கார்பனுக்கு அஞ்சாவது கை வந்துருச்சு என்றேன். அவன் தாய் மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டு, “சுண்டலுக்கு ஊறப்போட்ட கடலைய எடுத்துக் குச்சி குத்துறாக. இதுதான் காலேஜுப் படிப்பாக்கும்” என்று சொல்லிக்கொண்டே போனார். அவருக்குக் கோபமில்லை. என்னைப் பார்த்தால், “தம்பி, எங்குட்டுப் போறீக, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்று இலையில் உட்காரவைக்கிற ஆச்சி.

அவன் கணக்குப் போடும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு பொருளை எரித்தால் எவ்வளவு சூடு வரும் என்பதை எரிக்காமலேயே சொல்லிவிடலாம். அதிலுள்ள பிணைப்புகளை உடைக்கச் சூடு செலவாகும். புதிய பிணைப்புகள் கூடும்போது சூடு கிடைக்கும். கிடைத்ததில் செலவைக் கழித்தால் மிச்சம். ஒவ்வொரு பிணைப்புக்கும் இவ்வளவு என்று புத்தகத்தில் அட்டவணை இருக்கிறது, மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். நாங்களெல்லாம் இதை எப்படியோ கிறுக்கிப் போடுவோம். அவன் தாளை நடுவில் கோடு கிழித்து, மேலே பிள்ளையார் சுழி போட்டுச் சிவமயம் எழுதி, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று என்று பிரித்துவிடுவான். கூடுகிற பிணைப்பெல்லாம் வரவு. உடைகிற பிணைப்பெல்லாம் பற்று. அளந்த சூடு இருப்பு. கடைசியில் இரண்டு பக்கமும் நேராக நிற்க வேண்டும். எங்கள் புரொபசர் முதல்முறை அந்தச் சிவமயத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு விடையைப் பார்த்தார். அதன்பிறகு சிரிக்கவில்லை.

அந்தப் புரொபசர்தான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். ஆய்வுக்கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை ஒன்று காலியாகப் போகிறது. உங்கள் செட்டில் முதல் வகுப்பு வாங்குகிறவனுக்கு அது என்று. எனக்கு அது எட்டாத கனி. அவனுக்கு அதுதான் உயிர். ஏனென்றால் அவனுடைய அப்பச்சி, அதாவது அப்பா, ரங்கூனிலிருந்து வந்திருந்தபோது முடிவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: காலேஜ் வேலை கிடைத்தால் இரு, கிடைக்காவிட்டால் அடுத்த கப்பலில் கடைக்கு வந்து சேர். கடைக்குப் போனால் ஒரு தவணை மூன்று வருஷம். அப்புறம் அடுத்த தவணை. அங்கே கொண்டைக்கடலை கிடைக்கும். குத்திக்கொண்டு உட்கார யார் விடுவார்கள்?

பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் அந்த வீட்டில் ஒன்று நடந்தது. அவன் தங்கைக்குச் சம்பந்தம் பேச இளையாத்தங்குடிக் கோயில் பிரிவைச் சேர்ந்த ஒரு வீட்டார் வந்திருந்தார்கள். வீடு நிறைய ஆட்கள். வெள்ளிச் சாமான் எல்லாம் வெளியே வந்துவிட்டது. நாங்கள் மாடியில் எங்கள் பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். காப்பியும் பலகாரமும் மேலேயே வந்தன. விருந்தாளிகள் போனதும் சாமானை எண்ணி உள்ளே வைப்பது அந்த வீடுகளில் சாமி கும்பிடுவதுபோல். ஒவ்வொன்றின் அடியிலும் வீட்டு விலாசம் வெட்டியிருக்கும். எண்ணியபோது ஒரு டம்ளர் குறைந்தது. சமையல்காரர் எங்கள் கூடத்துக்கு வந்து சுற்றுமுற்றும் பார்த்தார். என்னுடைய துணிப்பை சுவரோரம் இருந்தது. அதையும் பார்த்தார். நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன், ஒன்றும் கவனிக்கவில்லை. அவன் கவனித்திருக்கிறான். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று கீழே போனான். சற்று நேரத்தில் கீழே எண்ணிக்கை சரியாகிவிட்டது. ஆச்சி அறையைப் பூட்டிவிட்டார்.

சில நாள் கழித்து மாட்டுக்குக் கழுநீர் ஊற்றும் தொட்டியைக் கழுவியவள் அடியிலிருந்து ஒரு வெள்ளி டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தாள். இப்போது ஒன்று கூடிவிட்டது. வேறு வீடாயிருந்தால் லாபம் என்று சிரித்திருப்பார்கள். ஆச்சி எல்லா டம்ளரையும் கூடத்தில் கொட்டி, ஒவ்வொன்றாகக் கவிழ்த்து விலாசத்தைப் பார்த்தார். ஒன்றில் மட்டும் வேறு விலாசம் இருந்தது. அவனுடைய ஆண்டு நிறைவுக்கு அம்மான் வீட்டிலிருந்து சீராக வந்து, அவன் பெட்டியில் தனியாக இருந்த டம்ளர். அவனைக் கூப்பிட்டார். நானும் பின்னாலேயே இறங்கிப் போனேன்.

“கூடினாலும் குத்தம், கொறஞ்சாலும் குத்தம். ஏன் இப்படிச் செஞ்சே?” என்று கேட்டார்.

அவன் காது அன்றுபோல் சிவந்து நான் பார்த்ததில்லை. “கொறஞ்சா நம்ம வீட்டுக்கு வந்தவுகளப் பாப்பீக ஆத்தா. அது எனக்கு வெக்கமா இருந்துச்சு” என்றான்.

சம்பந்தம் பேச வந்தவர்களை யார் சந்தேகப்படுவார்கள்? மிச்சம் நான் ஒருவன்தானே. சமையல்காரர் மாடிக்கு வந்து சுற்றியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆச்சி தலையைக் குனிந்துகொண்டு டம்ளர்களை அடுக்க ஆரம்பித்தார். அந்தக் கூடத்தில் நின்றிருந்த எங்கள் எல்லோருக்கும் வெட்கம். யார் எதற்கு வெட்கப்படுகிறோம் என்பதுதான் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது.

மாடிக்கு வந்ததும் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அப்படியானால் நீயும் நான் எடுத்திருப்பேன் என்றுதானே நினைத்தாய், ஒரு வார்த்தை என்னைக் கேட்டால் என்ன, பையை உதறிக் காட்டியிருப்பேனே என்று கத்தினேன். அவன் சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை. “கேட்டா நீ வெக்கப்படுவ” என்றான். நினைத்தேன் என்றும் சொல்லவில்லை, நினைக்கவில்லை என்றும் சொல்லவில்லை. இன்றுவரை எனக்கு அது தெரியாது. என்ன மனுஷன் இவன் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயமாக இருந்தது. இடிக்கிற கணக்கு ஏன் இடிக்கிறது என்று நின்று பார்க்க அவனால் முடியாது. யார் மனமும் புண்படாமல் உடனே அதை நேராக்கிவிட வேண்டும், தன் சொந்த டம்ளரைப் போட்டாவது. சில நாள் அந்த வீட்டுப் பக்கம் போகாமல் இருந்தேன். பிறகு ஆச்சியே ஆள் அனுப்பினார். போனேன். பரீட்சைக் கணக்கு அவனைவிட எனக்குத்தான் அவசரமாக இருந்தது.

பரீட்சை வந்தது. அங்கக ரசாயனத் தாளின் கடைசிக் கேள்வி பெரியது. ஒரு திரவம். கார்பன் ஆறு, ஹைட்ரஜன் ஆறு. புரோமின் தண்ணீரைக் கொட்டினால் நிறம் போகவில்லை. இன்னும் நாலைந்து தகவல். இதன் உள்கட்டை வரை. பிறகு அது எரியும்போது வரும் சூட்டைப் பிணைப்புக் கணக்கால் கண்டு, அளந்த சூட்டோடு ஒப்பிட்டு உன் கருத்தை எழுது. முதல் பாதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பென்ஸீன். ஆறு கார்பனையும் வளையமாகக் கோத்து, ஒன்றுவிட்டு ஒன்று இரட்டைப் பிணைப்புப் போட்டால் நான்கு கையும் சரியாக வரும். ஆனால் சூட்டுக் கணக்கை வளையத்துக்கு நாங்கள் போட்டுப் பழகியதில்லை. எங்கள் பழைய புத்தகத்தில் அது இல்லை.

நான் போட்டேன். இடித்தது. கணக்குப்படி வரவேண்டியதைவிட அளந்த சூடு குறைந்தது. சில்லறைக் குறைவு இல்லை, நன்றாகவே குறைந்தது. திரும்பப் போட்டேன், அதே குறைவு. நேரம் வேறு போய்க்கொண்டிருந்தது. கணக்கில் குறைகிறது, வரைந்த படம் முழு உண்மையாக இருக்க முடியாது, காரணம் தெரியவில்லை என்று எழுதிவிட்டு, மை காய்வதற்குள் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வயிறு பசித்தது. அவன் வெகுநேரம் கழித்து வந்தான். எப்படி என்று கேட்டேன். நேராகிவிட்டது என்றான். எனக்கு ஆச்சரியமில்லை. அவனுக்கு நேராகாமல் எனக்கா நேராகும்? அவன் காதைப் பார்க்கத் தோன்றவில்லை.

விடைத்தாள்கள் திருத்தியபிறகு வாய்மொழிப் பரீட்சை. வெளியூரிலிருந்து ஒரு வங்காளத்துப் பேராசிரியர் வந்திருந்தார். மெல்லிய குரல், சால்வை போர்த்தியவர், யாரையும் அதட்டாதவர். அவன் முறைக்கு அடுத்தது என் முறை. கதவை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பேசுவது நன்றாகக் கேட்கும். பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். நான் தமிழில் சொல்கிறேன்.

முதலில் அவனைப் புகழ்ந்தார். இவ்வளவு சுத்தமான தாளை நான் பார்த்ததில்லை, இந்த வரவு பற்று முறை எனக்குப் பிடித்திருக்கிறது, நானே இனிமேல் பையன்களுக்கு இப்படிச் சொல்லிக்கொடுக்கலாம் என்றிருக்கிறேன் என்றார். எனக்குப் பெஞ்சில் உட்கார்ந்தே நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு தாள் புரளும் சத்தம். அப்புறம் அவர் அதே மெல்லிய குரலில் கேட்டார்.

“பென்ஸீனுடைய இந்தக் கணக்கு உலகத்தில் யாருக்கும் நேரானதில்லை. உங்களுக்கு எப்படி நேரானது?”

 அவரே தொடர்ந்தார். மூன்றாவது கேள்வியில் எத்திலீனுக்கு இரட்டைப் பிணைப்பை உடைக்க ஒரு தொகை போட்டிருக்கிறீர்கள், அது சரியான தொகை. கடைசிக் கேள்வியில் அதே இரட்டைப் பிணைப்புக்குக் கூடுதலாக ஒரு தொகை போட்டிருக்கிறீர்கள். இதை எந்த அட்டவணையில் பார்த்தீர்கள் என்று கேட்டார்.

தப்பிக்க வழி இருந்தது. அவரே வழிவிட்டுத்தான் கேட்டார். மனப்பாடம் பிசகிவிட்டது என்று சொல்லியிருந்தால் ஒரு மார்க்கோ இரண்டோ போயிருக்கும், அவ்வளவுதான். நானாயிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். கதவிடுக்கில் அவன் காது தெரிந்தது.

“அட்டவணையில் இல்லை ஐயா. குறைவாக வந்த தொகையை மூன்று பிணைப்பின்மேலும் பிரித்து நான்தான் ஏற்றினேன். இடிக்கிற கணக்கைக் கொடுக்க வெட்கமாக இருந்தது.”

பேராசிரியர் தாளை மூடி வைத்தார். பிறகு, அவனைத் திட்டக்கூட இல்லை, கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார்: “அந்தக் குறைதான் ஐயா விடை. அந்த வளையம் நாம் வரைகிற படத்தைவிட அமைதியானது. அதனால்தான் சூடு குறைகிறது. அதைப் பார்க்கிறீர்களா என்று தெரிந்துகொள்ளத்தான் கேள்வியே போட்டேன். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டு மூடியிருக்கிறீர்கள்.”

அவன் வெளியே வந்தான். என்னைத் தாண்டிப் போனான். என்னை உள்ளே கூப்பிட்டார்கள். போய் நின்றேன். அவர் என் தாளை எடுத்து, கோழி கிளறிய மாதிரிக் கிடந்த அந்தக் கடைசிப் பக்கத்தைக் காட்டி, காரணம் தெரியவில்லை என்று தைரியமாக எழுதியவர் நீங்கள் ஒருவர்தான் என்று கை குலுக்கினார். தைரியமாவது மண்ணாவது. எனக்குப் பசி.

முதல் வகுப்பு எனக்கு வந்தது. அவனுக்கு அந்த ஒரு கேள்வி முழுக்கப் போய் இரண்டாம் வகுப்பு. வேலைக் காகிதமும் என் பேருக்கு வந்தது. எங்கள் ஊரில் மேளம் வைக்காத குறை. நான் அவன் வீட்டுக்குப் போகாமல் ஒளிந்துகொண்டு திரிந்தேன். போகாமலும் முடியவில்லை. ஒருநாள் போனபோது அவன் வெளியே போயிருந்தான். ஆச்சி கப்பல் பயணத்துக்குச் சீப்புச்சீடையும் மாவுருண்டையும் டின்னில் அடைத்துக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொன்னார். காப்பி வந்தது, வெள்ளி டம்ளரில்தான்.

“ஏந் தம்பி, எம்புள்ள கணக்குல தப்புப் போட்டானாமே. அவன் தப்புப் போட மாட்டானே” என்றார்.

தப்பில்லை ஆச்சி, குறைகிறதைக் குறைகிறது என்று விட்டிருக்க வேண்டும், அவன் நேராக்கிவிட்டான் என்று சொன்னேன். அவர் டின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“கணக்க நேராக்குனது ஒரு குத்தமா தம்பி?”

அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஆமாம் என்று எப்படிச் சொல்வேன்? காப்பியைக் குடித்து முடித்து டம்ளரை அவர் கையிலேயே கொடுத்தேன்.

ரயில் காரைக்குடிக்கு வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. ஒருவர் கப்பலுக்குப் புறப்பட்டால் ஸ்டேஷனில் அரை ஊர் நிற்கும். அவன் புதுவேட்டி, நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் மாலை. ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு வந்தான். என் முறை வந்ததும் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான். என்மேல் வருத்தம் என்று ஒரு சொல் சொல்லுவான், நானும் இரண்டு சொல் சொல்லிக் கட்டிக்கொண்டு அழுதுவிடலாம் என்று எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். அவனுக்கு அந்த எண்ணமே இல்லை. கணக்கில் புரியாத இடத்தைக் கேட்கிற அதே முகத்தோடு கேட்டான்.

“காரணம் தெரியலேன்னு எழுதுனியே சம்சாரி, எழுதுறப்ப உனக்கு வெக்கமா இல்லையா?”

“இல்லையே.”

“அது எப்படின்னு மட்டும் எனக்குச் சொல்லிக் குடு. போற எடத்துல வேணும்.”

வண்டி ஊதிவிட்டது. அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எங்கப்பன் வெதச்சதுக்கும் அறுத்ததுக்கும் என்னைக்கும் நேரானதே இல்ல செட்டியாரே, மழை பேஞ்சா உண்டு, பேயலேன்னா இல்ல; களத்துல நின்னு மானத்தப் பாத்து நாலு ஏச்சு ஏசிப்புட்டு, துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்து கூழக் குடிச்சிட்டுப் படுத்துருவாரு, எங்க வீட்டுல அதுக்கு யாரும் வெக்கப்பட்டு நான் பாத்ததில்ல என்றேன்.

அவன் மிகக் கவனமாகக் கேட்டான். ஈர்க்குக் குச்சியை வளைக்கும்போது அப்படித்தான் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்ப்பான். பிறகு தலையாட்டினான்.

“அப்ப அது பொறந்த வீட்டுல வரணும்” என்றான். யாரோ கூப்பிட்டார்கள். ஏறிக்கொண்டான்.

ரங்கூன் கடையில் அவன் போட்ட கணக்கு ஒருநாளும் இடித்ததில்லை என்று ஊருக்கு வந்தவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரே யோசனைதான். எதைப் போட்டு நேராக்கினானோ? தவணைக்குத் தவணை வந்துபோனான். நான் ஊரில் இருக்கும் நாளாகப் பார்த்து வரவில்லை, அல்லது அவன் வரும் நாளாகப் பார்த்து நான் ஊருக்குப் போகவில்லை.

அவன் கப்பலேறிய அந்த வருஷம், கல்லூரி திறந்த அன்று முதல் வகுப்புக்குப் போனேன். ஆய்வுக்கூடத்தில் வரிசையாகப் பையன்கள் நின்றார்கள். எனக்கென்று பெரிய மேசை, பின்னால் கரும்பலகை. புரொபசர் என்னைக் காட்டி, உங்களுடைய புது டெமான்ஸ்ட்ரேட்டர், நம் கல்லூரியில் கெட்டிக்காரப் பையன் என்று அறிமுகம் செய்துவைத்துவிட்டுப் போய்விட்டார். எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். நானும் கைகூப்பினேன். முன்வரிசையில் நின்ற ஒருவன் பக்கத்திலிருந்தவன் காதில், சாருக்குக் காது எப்படிச் சிவந்திருக்கு பார் என்று சொன்னது எனக்குக் கேட்டது.